தொட்டியில் தண்ணீர் இருந்தது: 2016–17 வறட்சியில் சின்னாற்றுப் பக்கத்துக் காட்டெருமைக் கூட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில் சந்தனக் காடுகளைக் கடந்த சிறிது நேரத்திலேயே குளிர் விலகி, முள்மரங்களும் பாறைகளும் நிறைந்த வறண்ட சரிவு தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலையின் மேற்கு முகத்திலேயே இறக்கிவிடுவதால் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதியாக நிற்கிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சின்னாறு வனப்பகுதியின் பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர்; அதன் தாழ்ந்த பகுதிகளில் ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. சின்னாற்றின் மறுகரையில் தமிழ்நாட்டின் ஆனைமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. பாம்பாறும் சின்னாறும் கூடி, 1957-இல் கட்டப்பட்ட அமராவதி அணைக்குச் செல்கின்றன. காலையில் ஒரு மாநிலத்தில் மேய்ந்து மாலையில் இன்னொரு மாநிலத்தில் தண்ணீர் குடிக்கும் விலங்குகள் இங்கு வழக்கமானவை.

இந்தச் சரிவில் உசில், வெள்வேல், கிளுவை, இலந்தை ஆகிய மரங்களும், அவற்றுக்கு இடையே கோடையில் காய்ந்து பொன்னிறமாகும் புல்லும் வளர்கின்றன. ஆற்றோரத்தில் மட்டும் நீர்மருது மரங்கள் ஆண்டு முழுவதும் நிழல் தருகின்றன. மேல்சரிவுகளில் தைலப்புல் அடர்ந்திருக்கும்; தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நல்ல மேய்ச்சலாகத் தோன்றினாலும், முற்றிய தைலப்புல்லை அதன் வாசனை எண்ணெய் காரணமாக மேய்ச்சல் விலங்குகள் பெரும்பாலும் தொடுவதில்லை. எனவே கண்ணுக்குத் தெரியும் புல்லின் அளவு வேறு, உண்ணக்கூடிய புல்லின் அளவு வேறு. இந்த வேறுபாட்டை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.

அப்போது நான் அடிவாரக் கிராமங்களுக்குக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வனக்காப்பாளர் ஒருவர், மலைக்குடியிருப்பைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவர், தண்ணீர் லாரிக்குப் பணம் திரட்டிய அடிவார ஊர் இளைஞர்கள் சிலர், நான் ஆகியோர் சேர்ந்ததே இந்த ஆய்வில் ‘நாங்கள்’ என்று குறிக்கப்படும் குழு. பிழைகள் என்று இங்கே எழுதப்பட்டிருப்பவை அனைத்தும் எங்கள் குழு எடுத்த முடிவுகளின் பிழைகளே.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் காட்டெருமை என்றும் மலையாளத்தில் காட்டுப்போத்து என்றும் வழங்கப்படும் இந்த விலங்கு எருமை இனத்தைச் சேர்ந்ததன்று. அது நம் வீட்டு மாட்டின் நெருங்கிய உறவு. மாட்டுக்கு வரும் நோய்கள் பலவும் இதற்கு வரும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டெருமைக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது மாடுகளைக் கொன்று வந்த அதே வெக்கை நோய்தான் (ரிண்டர்பெஸ்ட்). உலகிலிருந்தே அந்த நோய் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கோமாரி, தொண்டை அடைப்பான், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), குடற்புழுக்கள் ஆகியவை இன்னும் இருக்கின்றன.

வறட்சி வந்த விதம்

2016-இல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 34 விழுக்காடு குறைந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. மழை மறைவுச் சரிவுக்கு அது மட்டும் பேரிழப்பாக இருந்திருக்காது, ஏனெனில் இங்குள்ள காடு நம்பியிருப்பது வடகிழக்குப் பருவத்தை. ஆனால் அந்தப் பருவமும் தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்துபோனது; 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாடும் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு பருவங்களும் ஒரே ஆண்டில் பொய்த்ததன் பொருள் இதுதான்: ஐப்பசியில் முளைத்துத் தையில் முற்ற வேண்டிய புல் முளைக்கவே இல்லை. கோடையைக் கடக்க வேண்டிய காய்ந்த புல் என்னும் சேமிப்பே அந்த ஆண்டு காட்டில் இல்லாமல் போயிற்று.

ஜனவரி, பிப்ரவரி: கண்டவை

வழக்கமாக மார்ச் வரை கசிந்துகொண்டிருக்கும் பக்க ஓடைகள் ஜனவரி நடுவிலேயே வற்றிவிட்டதாகக் காவலர்கள் தெரிவித்தார்கள். ஆற்றுப் படுகையில் சில கசங்களில், அதாவது ஆழமான மடுக்களில், மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. நாங்கள் தொடர்ந்து கவனித்த கூட்டத்தில் அப்போது 19 காட்டெருமைகள் இருந்தன. அவற்றுள் நான்கு கன்றுகள்.

விலங்கைத் தொடாமலே அதன் உடல்நிலையை மதிப்பிட, மாடுகளுக்கு நாம் பயன்படுத்தும் முறையையே கையாண்டோம். விலா எலும்புகள் எத்தனை தெரிகின்றன, இடுப்பெலும்பு எவ்வளவு துருத்தி நிற்கிறது, விலாவுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள பசிக்குழி எவ்வளவு ஆழமாக இருக்கிறது, வாலடியின் இருபுறமும் குழி விழுந்திருக்கிறதா என்பவற்றைக் குறித்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டோம். ஜனவரியில் கூட்டத்தின் பெரும்பாலான பசுக்கள், அதாவது பெண் காட்டெருமைகள், மூன்று என்ற நிலையில் இருந்தன. பிப்ரவரி இறுதியில் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பசுக்கள் அனைத்தும் இரண்டுக்கு இறங்கியிருந்தன. காளைகள் அவ்வளவு இறங்கவில்லை.

சாணமும் ஒரு சான்றாக இருந்தது. நன்கு மேயும் காட்டெருமையின் சாணம் நம் மாட்டுச் சாணம்போலவே இளகி அடுக்கடுக்காக விழும். பிப்ரவரியில் நாங்கள் கண்டது தனித்தனி வில்லைகளாகப் பிரிந்த, கட்டியான, உடைத்தால் நார் நாராகத் தெரியும் சாணம். அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறையின் அடையாளம் என்று அன்று எழுதிவைத்தேன். அது பாதிதான் உண்மை. தண்ணீர் குறைந்தாலும் சாணம் இறுகும். உண்பது முழுவதும் நாராக இருந்தாலும் இறுகும். இரண்டில் எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

முதல் தீர்மானம்: மூன்று தொட்டிகள்

பிப்ரவரி தொடக்கத்தில் மூன்று இடங்களில் சிமெண்ட் தொட்டிகள் அமைத்து, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவது என்று முடிவெடுத்தோம். அதற்கான காரணங்கள் அன்றைய நிலையில் நியாயமானவையே. காட்டெருமை கோடையில் நாள்தோறும் தண்ணீர் குடிக்க வேண்டிய விலங்கு. பச்சை இலையில் பாதிக்கு மேல் நீரே இருக்கும். காய்ந்த புல்லில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். ஆகவே தீவனம் காயக் காய விலங்கின் தண்ணீர்த் தேவை கூடிக்கொண்டே போகிறது. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் இவை அடிவாரத் தோட்டங்களுக்கு இறங்கும், இறங்கினால் மனித உயிருக்கும் ஆபத்து என்ற அச்சமும் எங்களுக்கு இருந்தது.

இடங்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை. லாரி செல்லக்கூடிய இடங்களையே தேர்ந்தெடுத்தோம். இரண்டு தொட்டிகள் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்திலும், மூன்றாவது மரம் வெட்டி இறக்கப் பயன்பட்ட பழைய கூப்புப் பாதை ஒன்றின் முடிவிலும் அமைந்தன. அந்த இடங்களில் மேய்ச்சல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. மறுகரையில் எங்கெங்கே தண்ணீர் வைக்கப்படுகிறது என்று கேட்டறியவும் இல்லை. பின்னர்தான் தெரிந்தது, எங்கள் முதல் தொட்டிக்கு நேர் எதிரே ஆற்றின் மறுபுறத்திலும் ஒரு தொட்டி நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் அடிவாரத்தில் மாடு வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர், தம் கன்றுக்கு மருந்து வாங்க வந்தபோது, நாங்கள் தொட்டி கட்டுவதைக் கேள்விப்பட்டு, “தண்ணி காட்டுனா மட்டும் போதுங்களா டாக்டரய்யா, வாய்க்கு ஏதாச்சும் வேணுமுங்களே” என்று கேட்டார். அவருடைய மாடுகளுக்குத் தீவனம் இல்லாததைச் சொல்கிறார் என்று நினைத்து, உலர்தீவனக் கிடங்கைப் பற்றிய விவரத்தைச் சொல்லி அனுப்பினேன். அவர் கேட்டது எதைப் பற்றி என்பது எனக்கு மார்ச்சில் விளங்கியது.

மார்ச்: முதல் சாவு

தொட்டிகள் நிரம்பத் தொடங்கிய இரண்டு வாரங்களில் விலங்குகள் வரத் தொடங்கின. இளைஞர்கள் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். காட்டெருமை, கடமான், புள்ளிமான், யானை ஆகியவற்றோடு அடிவார மாடுகளும் அதே தொட்டிகளுக்கு வந்தன. மார்ச் நடுவில் சாலையோரத் தொட்டிகளைச் சுற்றி, கால்பட்டுத் தூளான மண் வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டம் வாரத்துக்கு வாரம் பெருத்தது.

மார்ச் மூன்றாம் வாரத்தில் கன்று வைத்திருந்த பசு ஒன்று முதல் தொட்டியிலிருந்து நானூறு அடித் தொலைவில் இறந்து கிடப்பதாகக் காவலர் தகவல் கொடுத்தார். உடலை அறுக்கும் முன், மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றிலிருந்து உறையாத கறுத்த இரத்தம் கசிகிறதா என்று பார்த்தோம். காது நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆய்வகத்துக்கு அனுப்பி, அடைப்பான் கிருமி இல்லை என்ற விடை வந்த பிறகே உடற்கூறு ஆய்வைத் தொடங்கினோம். திடீரென்று இறந்த மேய்ச்சல் விலங்கு எதுவானாலும் இந்த வரிசை மாறக் கூடாது. அடைப்பான் கிருமி காற்றுப் பட்டதும் வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அவசரப்பட்டு வயிற்றைக் கிழித்தால் அந்த மேய்ச்சல் நிலமே கெட்டுவிடும்.

வயிற்றைத் திறந்தபோது நான் எதிர்பார்த்தது வெறும் வயிற்றை. ஆனால் முதல் இரைப்பை நிறைந்திருந்தது. காய்ந்த தண்டு, மரப்பட்டையின் நார், உண்ணிச்செடியின் (லண்டானா) குச்சிகள் ஆகியவை இறுகிப் பந்தாகக் கிடந்தன. ஈரம் போதுமான அளவு இருந்தது, தண்ணீர் குடித்திருக்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு பொட்டுக் கொழுப்பும் இல்லை. தொடையெலும்பை உடைத்துப் பார்த்தபோது, வெண்ணிறமாகக் கெட்டியாக இருக்க வேண்டிய மஜ்ஜை சிவந்து கூழாக வழிந்தது. உடல் தன் கொழுப்பை முதலில் தோலடியிலிருந்தும், பிறகு வயிற்றுக்குள்ளிருந்தும் எடுத்துச் செலவிட்டு, வேறு வழியே இல்லாதபோதுதான் மஜ்ஜையில் கைவைக்கும். மஜ்ஜை வழிந்தால் பட்டினி பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று பொருள். தண்ணீர் நிறைந்த தொட்டிக்கு அருகில், நிறைந்த வயிற்றோடு, அந்தப் பசு பட்டினியால் இறந்திருந்தது.

இது எப்படி நிகழும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அசைபோடும் விலங்கு புல்லைத் தானே செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செரித்துத் தருகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்குப் புரதம் வேண்டும். தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அவை குன்றிப்போகும். உண்ட நார் கரையாமல் தேங்கும். வயிறு நிறைந்திருப்பதால் விலங்கு மேலும் உண்ணவும் முடியாது. முற்றிக் காய்ந்த புல்லில் அதில் பாதியளவு புரதம் இருப்பதே அரிது. பசுமையான மேய்ச்சல் தொலைவில் கொஞ்சம் இருந்தாலும், விலங்கு நாள்தோறும் தொட்டிக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் அங்கே செல்வதில்லை. தொட்டியைச் சுற்றியுள்ள நல்ல புல் முதலில் தீரும், பிறகு சுமாரானது, பிறகு பட்டையும் குச்சியும். மேய்ச்சல் தேடி நடக்கும் நேரமும் வெயிலில் நிற்கும் நேரமும் கூடக் கூட, நிழலில் படுத்து அசைபோடும் நேரம் குறைகிறது. பால் கொடுக்கும் பசுவின் உடல் இதைத் தாங்காது.

உடுமலை, தாராபுரம், காங்கயம் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இது தெரிந்த செய்தி. முள்கிளுவை வேலி போட்ட காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றொன்றில் கொழுக்கட்டைப்புல் தழைக்க விடுவார்கள். தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கமே மாடு நிற்கும் என்பதால் அந்தப் பக்கம் புல் அழியாமல் பார்த்துக்கொள்வார்கள். நான் அந்தக் கொறங்காடுகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன். காட்டுக்குள் போனதும் அதை மறந்துவிட்டேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

இரண்டாவது தீர்மானம்

மார்ச் இறுதியில் குழு கூடிப் பேசியபோது நான்கு யோசனைகள் எழுந்தன.

முதலாவது, வைக்கோலும் சோளத்தட்டும் கொண்டுவந்து காட்டில் போடுவது. இளைஞர்கள் இதை மிகவும் விரும்பினார்கள். ஓர் ஊரில் நிதியும் சேர்ந்துவிட்டது. இதை நான் எதிர்த்தேன். தீவனம் போடும் இடத்தில் கூட்டம் மேலும் நெருங்கும். மாட்டுப்பட்டியிலிருந்து வரும் வைக்கோலோடு கிருமியும் வரக்கூடும். நாரை மட்டுமே உண்டு குன்றியிருந்த வயிற்றில் திடீரென்று வேறு தீவனம் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகும் முன்பே செரிமானம் கெடும். சோளத்தட்டைப் பொறுத்தவரை இன்னொரு அச்சமும் உண்டு. வாடிக் குன்றிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு கூடும் என்பதால்தான் கதிர் வரும் முன் சோளக்காட்டில் மாட்டை விடாதே என்று நம் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். தீவனம் போடுவதில்லை என்ற முடிவு குழுவில் கசப்பை உண்டாக்கியது, இருவர் விலகிப்போனார்கள். பட்டினி கிடக்கும் விலங்கைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவர்கள் பட்ட வேதனை உண்மையானது. அந்த முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

இரண்டாவது, தொட்டிகளை மாற்றுவது. சாலையோரத் தொட்டிகள் இரண்டையும் ஒரே நாளில் மூடாமல், பத்து நாட்களில் படிப்படியாகக் குறைத்து மூடினோம். அதே வேளையில், மேய்ச்சல் இன்னும் மிஞ்சியிருந்த மேல்சரிவில், குழாய் வழியாகக் கீழிறக்கக்கூடிய ஊற்று ஒன்றைக் காவலர்கள் காட்டினார்கள். அதைத் தூர் வாரி, சிறு தொட்டி ஒன்றை அமைத்தோம். மேலும் இரண்டு கசங்களில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் வரச் செய்தோம். நோக்கம், கூட்டம் ஓரிடத்திலேயே நிற்காமல் இடம் மாற வேண்டும் என்பது.

மூன்றாவது, அடிவார மாடுகளுக்கு ஊருக்குள்ளேயே தண்ணீர் கொடுப்பது. பஞ்சாயத்துக் குழாயிலிருந்து மாட்டுத் தொட்டிக்கு இணைப்புக் கொடுக்க ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதே வாரத்தில் அந்த மாடுகள் அனைத்துக்கும் கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளைப் போட்டு முடித்தோம். எங்கள் செயல்கள் எல்லாவற்றிலும் முழுமையாகப் பயன் தந்தது இதுதான். அந்தக் கோடையில் தொட்டிப் பக்கம் கோமாரியின் அடையாளமான வாய்ப்புண்ணோ குளம்புப்புண்ணோ ஒரு காட்டு விலங்கிடமும் காணப்படவில்லை.

நான்காவதாக உப்புக்கட்டி வைக்கும் யோசனை வந்தது. கூட்டம் சேரும் என்பதால் அதையும் கைவிட்டோம்.

ஏப்ரலில் இன்னொரு பசுவும் ஒரு கடமானும் இறந்தன. அந்தப் பசுவின் ஈரல் வீங்கி மஞ்சள் பூத்திருந்தது. வயிற்றில் உண்ணிச்செடியின் இலை மிகுந்திருந்தது. பசி இல்லாத காலத்தில் அந்த இலையை எந்த மாடும் வாயில் வைக்காது, அதன் நஞ்சு ஈரலைத் தாக்கக்கூடியது. ஏப்ரல் இறுதியில் கூட்டம் மேல்சரிவுக்கு நகர்ந்துவிட்டதைக் காவலர்கள் உறுதி செய்தார்கள்.

மழைக்குப் பின்

மே மாதத்தில் கோடை மழை பெய்தது. பத்து நாட்களில் சரிவு முழுவதும் பச்சை படர்ந்தது. இனிக் கவலையில்லை என்று லாரியை நிறுத்தினோம், வாராந்திரக் கணக்கையும் நிறுத்தினோம். இந்த நிகழ்விலேயே மிகப் பெரிய பிழை அது.

மழை வந்த மூன்றாம் வாரத்தில் கூட்டத்தில் பலவற்றின் பின்தொடைகள் கழிச்சலால் நனைந்திருப்பதைக் காவலர் ஒருவர் தற்செயலாகக் கண்டார். அடுத்த பதினைந்து நாட்களில் ஒரு கன்றும் வயதான ஒரு பசுவும் இறந்தன. அவ்வாறு பட்டினி முழுவதையும் தாங்கிய விலங்குகள், புல் வந்த பிறகு இறந்தன.

காரணங்கள் மூன்று, அவை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றவை. மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லில் நீரும் எளிதில் கரையும் புரதமும் மிகுதி, நாரும் மக்னீசியமும் குறைவு. நாருக்குப் பழகிய வயிறு அதற்குத் தயாராக இல்லாததால் கழிச்சல் ஏற்படுகிறது. அடுத்து, கொழுப்பே இல்லாத உடலில் மழையின் குளிர் இறங்கும்போது வெப்பத்தைக் காக்க எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. மூன்றாவதும் முதன்மையானதும் புழு.

வறட்சி குடற்புழுக்களை அழிக்கும் என்று பொதுவாகக் கருதுகிறோம். திறந்த வெயிலில் கிடக்கும் சாணத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் தொட்டி நிரம்பி வழிந்து மண் நனைந்திருந்த இடத்தில் சாணமும் நனைந்தே இருந்தது. வற்றிச் சுருங்கிய கசங்களின் ஓரத்தில் நத்தைகள் நெருங்கி நின்றன. அந்த ஈர ஓரத்தில் மட்டுமே பச்சைப் புல் இருந்ததால் விலங்குகள் அதையே கரண்டின. தட்டைப்புழுவின் இளம்பருவம் நத்தையிலிருந்து வெளியேறி அந்தப் புல்லில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை வந்ததும் உருண்டைப்புழுக்களின் முட்டைகளும் ஈரமும் வெப்பமும் சேர்ந்து ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை அடைந்தன. இறந்த பசுவின் சிறுகுடல் தொடக்கத்தைத் திறந்தபோது இளம் தட்டைப்புழுக்கள் சிவந்த அரிசிமணிகள்போல் சுவரைத் துளைத்து ஒட்டியிருந்தன. கன்றின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுக்கள் மிகுந்திருந்தன. அதன் கண்ணிமை வெளுத்திருந்தது. வறட்சியில் விலங்குகள் எங்கே நெருங்கி நின்றனவோ, அந்த இடமே மழையில் நோயின் ஊற்றாயிற்று.

தொட்டித் தண்ணீரில் புழு மருந்து கலக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அளவு தெரியாமல் குடிக்கும் விலங்குகளுக்கு அது பயனற்றது. குறைந்த அளவு மருந்தால் புழுக்களுக்கு எதிர்ப்பாற்றல் வளரும். அதோடு, ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தில் வெளியேறிச் சாணவண்டின் புழுப்பருவத்தைக் கொல்லும். சாணத்தை மண்ணில் புதைத்துப் புழுக்களைக் குறைப்பதே சாணவண்டுதான். எனவே மருந்து கொடுக்கவில்லை. கசத்தோர நத்தைப் பகுதிக்கு விலங்குகள் இறங்க முடியாதபடி இலந்தை முள்ளை வெட்டிப்போட்டோம்; தொட்டிகளின் வழிநீரை வாய்க்கால் வெட்டித் தொலைவில் விட்டு, சுற்றியிருந்த ஈரச் சாணத்தை வாரி வெயிலில் பரப்பினோம். ஜூன் இறுதியில் சாணம் மறுபடியும் கட்டிப்படத் தொடங்கியது. அதன்பின் சாவு இல்லை.

பின்விளைவு

19 ஆக இருந்த கூட்டம் ஜூலையில் 15 ஆக இருந்தது. இறந்தவை நான்கில் மூன்று பசுக்கள், ஒன்று கன்று. முதல் பசுவின் கன்று எப்படியோ பிழைத்துக்கொண்டது; அது அப்போது ஓரளவு மேயப் பழகியிருந்தது.

இழப்பு அத்தோடு முடியவில்லை. காட்டெருமையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது மாதம். மதிப்பெண் இரண்டுக்குக் கீழே சென்ற பசு சினைப்பருவத்துக்கே வராது. 2017 கோடையில் சேர வேண்டியவை சேரவில்லை என்பது 2018 முதல் பாதியில் கூட்டத்தைப் பார்த்தபோது தெரிந்தது. புதிய கன்று ஒன்றே ஒன்று இருந்தது. யானைக்குச் சினைக்காலம் 22 மாதம் வரை நீள்வதால் அதன் கணக்கு இன்னும் தாமதமாகவே வெளிப்படும். வறட்சியின் சேதத்தை அந்தக் கோடையில் கிடைத்த உடல்களை எண்ணி முடித்துவிட முடியாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கார்த்திகை முடியும்போதே புல்லை அளக்க வேண்டும். ஓடைகள் வற்றும் வரை காத்திருப்பதில் பயனில்லை. தைலப்புல்லை நீக்கிவிட்டு, உண்ணக்கூடிய புல் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று காவலர்களோடு மூன்று நாட்கள் நடந்து வரைபடம் போட்டிருந்தால், தொட்டிகளை எங்கே வைப்பது என்பதை லாரிப் பாதை முடிவு செய்திருக்காது.

தொட்டிகள் சிறியவையாக, பலவாக, ஒன்றையொன்று விட்டு விலகி இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாம் நிரம்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு தொட்டியைச் சுற்றி மண் வெளுக்கத் தொடங்கியதும் அதைக் குறைத்து அடுத்ததை நிரப்பினால் கூட்டம் தானே நகரும். மேலே உள்ள ஊற்றைத் தூர் வாரும் வேலை தொட்டி கட்டுவதைவிடச் செலவு குறைந்தது, அதை முதலிலேயே செய்திருக்கலாம். வழிநீர் தேங்காதபடி தொட்டியின் விளிம்பைச் சுற்றிக் கல் பாவுவது அவசியம். இதற்கு ஆகும் செலவு லாரித் தண்ணீர் இரண்டு நடைக்கு ஆகும் தொகைதான்.

ஆற்றின் இரு கரைகளிலும் யார் எங்கே தண்ணீர் வைக்கிறார்கள் என்பதை மாதம் ஒருமுறை பகிர்ந்துகொள்ள வேண்டும். இரு பக்கத்துக் காவலர்களும் பெரும்பாலும் ஒரே குடியிருப்புகளின் உறவினர்கள், ஒரே தமிழ் பேசுபவர்கள். அவர்கள் வழியாக இது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை.

அடிவார மாடுகளுக்குத் தடுப்பூசியும் தண்ணீரும் தை மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும். நாங்கள் செய்தது பங்குனியில். அந்த இரண்டு மாத இடைவெளியில் நோய் எதுவும் பரவாதது எங்கள் திறமையால் அன்று.

கண்காணிப்பை மழையோடு நிறுத்தக் கூடாது. மழை பெய்த நாளிலிருந்து எட்டு வாரங்கள், கோடையில் செய்ததைவிட நெருக்கமாக, வாரம் இருமுறை சாணத்தையும் பின்தொடைகளையும் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு கன்றுகளை எண்ணுவதையும் அதே ஆய்வின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

முதல் தொட்டி இருந்த இடத்தில் மண் வெளுத்த வட்டம், 2018-இல் பெய்த பெருமழைக்குப் பின்னும் புல்லாக மாறவில்லை. அங்கே உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் ஏறிக்கொண்டன. காவலர்கள் ஆண்டுதோறும் ஆடியில் மண் நெகிழ்ந்திருக்கும்போது அவற்றை வேரோடு பிடுங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி வருகிறார்கள். வட்டத்தின் மேற்கு ஓரத்தில் மட்டும், உசில் மர நிழலில், அது கொஞ்சம் பிடித்திருக்கிறது.